நான்கு அஞ்சலட்டைகளின் மேல் ஒரு ஜீப்

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் மறக்காது. செக்கச்செவேலென்று மணல், நடுநடுவே பனையும் முந்திரியும். கற்குவேல் அய்யனாரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, தார் ரோடு சுற்று வழி என்று சொல்லி, மச்சான் தன் பழைய மகேந்திரா ஜீப்பை ஒரு மணல் தடத்தில் இறக்கினார். நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள வண்டி என்கிற தைரியம். ஐம்பது மீட்டர் போயிருப்போம். ஜீப் ஒருமுறை உறுமியது, பின்பக்கம் தாழ்ந்தது, நின்றது.

மச்சான் செய்ததைத்தான் யாரும் செய்வார்கள். ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தார். செம்மண் நீரூற்று மாதிரி மணல் பறந்தது. கீழே இறங்கிப் பார்த்தேன். பின்னால் இடது சக்கரமும் முன்னால் வலது சக்கரமும் மட்டும் வெறி பிடித்தாற்போல் சுற்றுகின்றன. மற்ற இரண்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருக்கின்றன.

டி.வி.எஸ். எக்ஸெல்லில் பனை ஓலைக் கட்டோடு வந்த பெரியவர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: "மிதிக்காதிய தம்பி. மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாவும். காத்த எறக்குங்க."

"அண்ணாச்சி, டயர்ல காத்து சரியாத்தான இருக்கு?"

"சரியா இருக்கறதுதான் இங்க தப்பு."

ஒரு முந்திரிக் குச்சியை ஒடித்து வால்வில் குத்திக் காட்டினார். நாலு டயரும் தொந்தி விழுந்த மாதிரி ஆகும்வரை காற்றை இறக்கினோம். சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கையால் விலக்கினோம். மச்சான் முதல் கியரில் மெல்ல க்ளட்ச்சை விட்டார். எந்தக் கூச்சலும் இல்லாமல், எருமை குட்டையைவிட்டு எழுந்திருப்பதுபோல ஜீப் வெளியே வந்தது.

அந்தக் குச்சி செய்த வேலையைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து ஜீப்பின் எடை 1500 கிலோ என்று வையுங்கள். ஒரு சக்கரத்தின் பங்கு 375 கிலோ. டயரில் 32 பவுண்டு காற்று இருக்கிறது என்றால், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.25 கிலோ அழுத்தம். 375-ஐ 2.25-ஆல் வகுத்தால் 167 சதுர சென்டிமீட்டர் வரும். டயர் தரையைத் தொடுகிற இடம் அவ்வளவுதான். நம் தபால் நிலையத்து அஞ்சலட்டை 14-க்கு 9, அதாவது 126 சதுர சென்டிமீட்டர். ஆக, அஞ்சலட்டையைவிடக் கொஞ்சம் பெரிய நான்கு துண்டு நிலத்தின் மேல்தான் ஒன்றரை டன் வண்டி நிற்கிறது. காற்றைப் பாதியாக, 16 பவுண்டாக, இறக்கினால் அந்த இடம் இரு மடங்காகும். டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் இந்தக் கணக்கு துல்லியமானதன்று. ஆனாலும் போக்கு இதுதான். காற்று குறையும்போது தடம் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் வளர்கிறது. சக்கரம் ஏறக்குறைய ஒரு குட்டி டாங்கிப் பட்டையாகிவிடுகிறது.

மணலின் குணத்தையும் சொல்ல வேண்டும். தேரி மணல் காற்று கொண்டுவந்து குவித்தது. இரும்பு ஆக்சைடு பூசிக்கொண்டதால் சிவப்பு. காற்றில் உருண்டு உருண்டு வந்த மணிகளுக்கு மூலைமுடுக்கு குறைவு. உடைத்த ஜல்லிபோல ஒன்றையொன்று கவ்விக்கொள்ளாது. மேலே இருக்கிற எடைதான் மணிகளை நெருக்கிப் பிடித்துவைக்கிறது. சக்கரம் மெதுவாக உருண்டால் மணலை அமுக்கி, அமுக்கிய மணலின் மேல் தானே ஏறிப்போகும். வேகமாகச் சுழன்றால் அந்த மணலைப் பின்னால் வாரி இறைத்துவிட்டுத் தன் குழிக்குள் தானே இறங்கும். பெரியவர் சொன்னது அதைத்தான். காலையில் பனி ஈரத்தோடு இருக்கும்போது அதே தடத்தில் வண்டி கொஞ்சம் சுலபமாகப் போகும். மணிகளுக்கு இடையே ஒட்டியிருக்கும் துளி நீர் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. கடற்கரையில் அலை நனைத்த ஓரத்தில் கால் புதையாமல் நடக்கிறோமே, அதே சங்கதி. நாங்கள் போனது உச்சி வெயிலில்.

சரி, எஞ்சினுக்குச் சக்தி போதவில்லையா? இல்லை. இந்த ஜீப் குடும்பத்தின் பாட்டன், இரண்டாம் உலகப் போரில் 1941 முதல் 1945 வரை செய்யப்பட்ட வில்லிஸ் எம்.பி. இன்றைய சின்னக் கார்களே வெட்கப்படும் 60 குதிரைத்திறன்தான் அதற்கு. முதல் கியர் எஞ்சினின் முறுக்கு விசையை 2.665 மடங்காக்கும், இரண்டாவது கியர்ப்பெட்டியின் 'லோ' நிலை அதை 1.97 மடங்காக்கும், ஆக்ஸிலில் இருக்கும் கிரௌன் பினியன் 4.88 மடங்காக்கும். மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 25.6. எஞ்சின் தரும் 142 நியூட்டன் மீட்டர், சக்கரத்துக்கு வரும்போது 3600-ஐத் தாண்டிவிடுகிறது. உராய்வில் கழிவதை விட்டுவிட்டுப் பார்த்தால், சக்கரங்கள் தரையைத் தள்ளும் விசை ஏறக்குறைய வண்டியின் எடைக்கே சமம். காய்ந்த தார் ரோட்டில்கூட டயரின் பிடிமானம் அதன் மேல் இருக்கும் எடையில் முக்கால் பங்கு, மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். தளர்ந்த மணலில் அதில் பாதிகூடக் கிடைக்காது. அப்படியானால் 1941-லேயே எஞ்சின் கொடுக்க முடிந்ததை வாங்கிக்கொள்ளத் தரையால் முடியவில்லை. குதிரைத்திறனைச் சொல்லிப் பெருமையடிக்கும் நண்பர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், பேச்சை மாற்றிவிடுவார்கள். மேட்டிலும் சேற்றிலும் ஓட்டுகிற கலை முழுக்க, தரை எவ்வளவு தருமோ அவ்வளவை மட்டும் கேட்கப் பழகுவதுதான்.

இப்போது அந்தச் சுற்றிய சக்கரங்களும் கல்லுப்பிள்ளையார்களும். இது டிஃபரென்ஷியல் செய்யும் வேலை. மாட்டு வண்டியில் அச்சு சுழலாது. கடையாணிக்குள் இரண்டு சக்கரமும் தன்பாட்டுக்குத் தனித்தனியாகச் சுற்றும். மாடு இழுக்கிறது, சக்கரம் உருள்கிறது, அவ்வளவுதான். எஞ்சினே சக்கரங்களைச் சுற்ற வேண்டும் என்று வந்தபோது சிக்கல் வந்தது. வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். எவ்வளவு அதிகம்? இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே 1.3 மீட்டர் என்றால், ஒரு முழுச் சுற்றில் 8.2 மீட்டர். எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், சுற்று பெரிதா சிறிதா என்பது பொருட்டே இல்லை. வீட்டு வாசலில் ஒரு வட்டம் அடித்தாலும் 8.2 மீட்டர்தான், மதுரை மாசி வீதிகளைச் சுற்றி வந்தாலும் 8.2 மீட்டர்தான். இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்புத்தண்டில் இறுக்கிவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்று தேய்ந்துகொண்டே வரும்.

பிரான்ஸைச் சேர்ந்த ஒனெசிஃபோர் பெக்கர் என்பவர் 1827-ல் நீராவி வண்டிக்காக இதற்கு ஒரு பற்சக்கர ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் நம் கார்களில் இருப்பது அதன் வாரிசுதான். அதைப் புரிந்துகொள்ள ஏர் பூட்டுவதைப் பார்த்தவர்களுக்குப் படமே வேண்டாம். நுகத்தடியின் நடுவில் ஏர்க்கால் கட்டியிருக்கிறது. இரு முனையிலும் ஒவ்வொரு மாடு. ஒரு மாடு கொஞ்சம் முந்தலாம், மற்றது பிந்தலாம், நுகம் அதற்கேற்றபடி திரும்பிக்கொள்ளும். ஆனால் இரண்டு முனையிலும் இழுக்கும் விசை சமமாக இருந்தாக வேண்டும். ஒரு மாடு படுத்துவிட்டால்? மற்றது காங்கேயம் காளையாகவே இருந்தாலும் நுகம் ஒருபக்கமாய்ச் சாயுமே தவிர ஏர் நகராது. டிஃபரென்ஷியலுக்கு உள்ளே இருக்கும் சின்னப் பினியன் பற்சக்கரம் அந்த நுகத்தடிதான். தளர்ந்த மணலில் இருக்கிற சக்கரம் எவ்வளவு விசையைத் தாங்குமோ அவ்வளவுதான் எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கும் போகும். அது கெட்டித் தரையில் நின்றாலும் கதை அதே. பிந்தியதற்கு என்ன பங்கோ அதுவே முந்தியதற்கும்.

நாலு சக்கர இழுவை என்றால் முன்னால் ஒரு நுகம், பின்னால் ஒரு நுகம். எங்கள் ஜீப்பில் இரண்டிலும் ஒவ்வொரு மாடு படுத்துவிட்டது. அதனால்தான் நாலு சக்கர இழுவை இருந்தும் நின்றோம்.

ட்ராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு இது எப்போதோ தெரியும். ட்ராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரேக் மிதி இருக்கிறது. சேற்றில் வீணாகச் சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்தால், டிஃபரென்ஷியல் அதைச் 'சுமை' என்று எண்ணிக்கொண்டு மறுபக்கத்துக்கும் அதே அளவு விசையை அனுப்பும். டிஃபரென்ஷியலையே பூட்டிவிட இன்னொரு மிதியும் உண்டு. நுகத்தடியைத் திரும்ப விடாமல் ஆணி அடித்த மாதிரி. இன்றைய தார், ஜிம்னி போன்ற வண்டிகளில் கணினி ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் பார்த்து, சுற்றுகிற சக்கரத்தை மட்டும் தானே பிரேக் போட்டுப் பிடிக்கிறது. வயலில் நடந்த வித்தை ஷோரூமுக்கு வந்து சேர அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

பழைய ஜீப், ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இவற்றில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. நாலு சக்கர இழுவையைப் போட்டால் இரண்டு ஆக்ஸிலும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். மணலில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. திருப்பத்துக்குத் திருப்பம் தண்டுகளில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். பிறகு லீவரை எவ்வளவு இழுத்தாலும் வெளியே வராது. பற்சக்கரம் உடைந்தால் பட்டறைச் செலவு தனி.

எந்தச் சாகசத்திலும் வண்டி கெடுவது அங்கேயே தெரிவதில்லை. ஒரு மாதம் கழித்துத் தெரியும். மணலில் ஓட்டினால் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். சாதாரண எஃகைவிடக் கெட்டி. ஃபில்டரைத் தாண்டி உள்ளே போகும் மணல்தூள், சிலிண்டர் சுவரில் உப்புத்தாள் போட்ட மாதிரிதான். பழைய ஜீப்பில் எண்ணெய்க் கிண்ணத்தின் மேல் காற்றைத் திருப்பிவிடும் ஏர் க்ளீனர் இருக்கும். தூசி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் கிண்ணத்தின் அடியில் தேரி ஒரு சிவப்புப் பாயசம் வைத்திருந்தது.

ஆற்றைக் கடப்பது இன்னும் தந்திரமானது. ஓடி ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் முங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். காற்று போய்வர மேலே ஒரு சின்னத் துவாரம் வைத்திருப்பார்கள். அது சேறு படிந்து அடைத்திருந்தால், ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு எண்ணெயை இறக்கிப் பார்த்தால் பால் கலந்த தேநீர் நிறத்தில் வரும். அந்த நிறத்தைப் பார்த்த பிறகும் ஓட்டினால் பேரிங் போகும்.

மலை இறக்கத்துக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, 1500 கிலோ வண்டி 1000 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வையுங்கள். அந்த ஆற்றல் முழுவதையும் வெப்பமாக்கினால் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். கல்யாண வீட்டு அண்டா ஒன்று. நியூட்ரலில் போட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் அந்த அண்டாச் சூடு முக்காலும் நாலு பிரேக்குகளுக்குள்தான் போகும். கீழ்க் கியரில் இறங்கினால் எஞ்சினும் ரேடியேட்டரும் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். பிரேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கிற வழக்கம் உண்டு. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கட்டுப்பாடு; ஈரம் குடித்த பிறகு அந்த எல்லை 140 டிகிரி. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதி பஞ்சுபோலக் கீழே போகும், வண்டி நிற்காது. பாலீஷ் போடச் செலவழிக்கும் நண்பர்கள், பிரேக் எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள்.

பழைய கார்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. மச்சான் அம்பாசடர் கட்சி. 2014-ல் உத்தரபாராவில் அதன் உற்பத்தி நின்ற செய்தி வந்த அன்று, துக்க வீட்டுக்குப் போனவர்போல இருந்தார். என் அப்பா பத்மினி. மாமா ஒருவர் மட்டும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அது சென்னைக்காரர்களின் சொந்தக் கார் என்றே சொல்லலாம். 1960-களில் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்தது. பானெட், மட்கார்டு, விளக்கு எல்லாமே ஒரே துண்டாக முன்பக்கமாய்க் கவிழ்ந்து திறக்கும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் கை வைக்கலாம். பழுது பார்க்கிறவனை மனதில் வைத்துச் செய்த கார் என்று அதைத்தான் சொல்வேன். ஆனால் அதன் பின்சக்கரங்கள் ஊசலாடும் அரை ஆக்ஸில்களில் இருந்தன. வேகமாகத் திரும்பினால் வெளிச்சக்கரம் உள்ளே மடங்கி, அஞ்சலட்டையளவுப் பிடிமானமும் ஓரத்துக்குப் போய்விடும். மாமா மெதுவாக ஓட்டுவார். அவருக்குப் பிரச்சினை வந்ததில்லை.

பத்மினியில் நான் கற்ற முதல் பௌதிகப் பாடம் கொடைக்கானல் ஏற்றத்தில். மே மாதம். பாதி மலையில் எஞ்சின் திணறி நின்றுவிட்டது. அப்பா பானெட்டைத் திறந்து, துண்டைத் தண்ணீரில் நனைத்து பெட்ரோல் பம்ப்பின் மேல் போட்டார். கால் மணி நேரத்தில் கார் கிளம்பியது. எனக்கு அது காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுகிற மாதிரி மந்திரமாகத்தான் தெரிந்தது. காரணம் எளிது. அந்த பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருக்கும்; பின்னால் இருக்கும் டேங்க்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் திரவம் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். பம்ப்புக்குள் ஆவி நிறைந்துவிட்டால் அது வெறும் ஆவியை அமுக்கி விளையாடிக்கொண்டிருக்கும், பெட்ரோல் வராது. இன்றைய கார்களில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே மூழ்கியிருந்து பெட்ரோலை அழுத்தத்தோடு முன்னால் தள்ளுகிறது. அதனால்தான் கொடைக்கானல் ரோட்டோரம் பானெட் திறந்த கார்களை இப்போது அதிகம் பார்ப்பதில்லை.

அந்தக் காலத்துக் கார்கள்தான் நல்ல கார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஏர்பேக் கிடையாது, பிரேக் சுமார், ஐந்தாறு மாதத்துக்கொருமுறை பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போக எனக்கு இன்றைய கார்தான் வேண்டும். ஆனால் அம்பாசடரிடமும் பத்மினியிடமும் என்ன நோய் என்று கேட்டால் சத்தத்திலும் வாசனையிலும் சொல்லிவிடும். கேட்கப் பழகிய தலைமுறை அது. தேரிக்காட்டில் அந்தப் பெரியவருக்கு எங்கள் டயரைப் பார்த்ததுமே நோய் தெரிந்ததும் அந்தப் பழக்கத்தில்தான் என்று நினைக்கிறேன். அவரிடம் கார் இல்லை.

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் தேரிக்குள் வண்டியை விட வேண்டாம். குதிரைமொழித் தேரி காப்புக்காடு. மணலில் ஓட்ட அனுமதியுள்ள இடத்துக்குப் போனால், காற்று அளக்கும் கருவியும் கையால் அடிக்கும் பம்ப்பும் இல்லாமல் போகாதீர்கள். காற்றை இறக்குவதைவிடத் திரும்ப அடிப்பது முக்கியம். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பு பக்கச்சுவரைச் சூடாக்குகிறது. தார் ரோட்டில் வேகம் கூடினால் ரப்பரும் உள்ளே இருக்கும் இழைகளும் பிரிந்து டயர் வெடிக்கும். எக்ஸெல்லைக் கிளப்பிக்கொண்டே பெரியவர் எங்களிடம் கடைசியாகச் சொன்னதும் அதுதான்: "காயாமொழி போற வரைக்கும் உருட்டிக்கிட்டே போங்க தம்பி. அங்க பஞ்சர் கடை இருக்கு." முப்பதுக்கு மேல் ஏறாமல் போனோம். நாலு டயருக்கும் 32 பவுண்டு அடித்த பிறகுதான் மச்சானை மூன்றாவது கியர் போட விட்டேன்.